லிஃப்ட் பழுதாகிப் பதினேழு நாள்

வலது கால் படியில் விழும்.
ஒரு மூச்சு.
அப்புறம்தான் இடது கால்
உப்பு மூட்டையாய் இழுபட்டு வரும்.
விதெஸ்லாவ் நான்காம் மாடிக்கு ஏறுகிறார்.
மூன்றாம் மாடியில், கதவுக்கு இந்தப் பக்கம்,
காபி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், இரவில்.
ஓஸ்ட்ராவா நகரத்துக் காய்ச்சலெல்லாம்
என் கையால் மடிக்கப்பட்டு அடுக்கில் ஏறும்.
மூன்றே முக்காலுக்கு அரை மணி ஓய்வு.
சோப்புத்தூள் டின்னில் போனைச் சாய்த்தால்
ஒரு கூடம் தெரியும்:
திரைத்துணி கட்டிப் பிரித்த நான்கு மேசைகள்,
ஒரு கேமரா, கொட்டாவி விடும் நடுவர்.
பார்வையாளருக்கு நாற்காலியே போடவில்லை.
பார்ப்பவர்கள் மணிலாவிலோ டென்வரிலோ
பணம் கட்டிவிட்டுப் படுக்கையில் கிடப்பவர்கள்.
எனக்கோ அது ஆறாவது டிராம் நிறுத்தம்.

விதெஸ்லாவ் என்றால் வெற்றியின் புகழ் என்று அர்த்தம்.
நாற்பத்து நான்கு வயது. அவர் ஜெயித்தால் ஒன்றரை மடங்கு.
எதிரே ஹினெக், பத்தொன்பது வயது,
அவன் ஜெயித்தால் இரண்டு புள்ளி நான்கு.
கணக்குப் போட்டவன் எங்கள் படிக்கட்டில் குடியிருக்கவில்லை.
இருநூறு கொருனா. ஹினெக் மேல்.

போன வாரம் அவருடைய முழங்கால் உறை
மேல் பால்கனிக் கொடியிலிருந்து
ஈரத்தோடு என் கம்பியில் வந்து விழுந்தது.
பிழிந்து, அவர் கதவுப் பிடியில் மாட்டினேன்.
மறுநாள் என் கதவுப் பிடியில்
ஒரு பை, மூன்று ஆப்பிள்.
இரண்டைத் தின்றுவிட்டேன். ஒன்று இன்னும் இருக்கிறது.

முதல் செட் பதினொன்றுக்கு எட்டு. விதெஸ்லாவ்.
இரண்டாவது பதினொன்றுக்கு ஆறு. அதுவும் அவரே.
அந்தப் பையன் கண்ணிருந்தும் பார்க்கவில்லை.
வலப்பக்கம் போடு, மடையா,
வலப்பக்கம், அகலமாக,
இடது காலை உந்தித்தான் அவர் அங்கே வர முடியும்!
வாய்விட்டே கத்தியிருக்கிறேன்.
துவைக்கும் இயந்திரங்கள் ஓடியதால்
யாருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.

மூன்றாவது செட்டில்
பையனின் மட்டை விளிம்பில் பட்டு ஒரு பந்து
தற்செயலாக அங்கே போனது.
விதெஸ்லாவ் அரை அடி கிளம்பி, நின்றுவிட்டார்.
ஹினெக் தலை நிமிர்ந்தான்.
நாய்க்கு எலும்பின் வாசனை வந்த மாதிரி.
அதற்கப்புறம் எல்லாம் அங்கேதான்,
அங்கேயே,
மறுபடியும் அங்கேயே.

இரண்டுக்கு இரண்டு. கடைசி செட். ஒன்பதுக்கு ஒன்பது.
ஓய்வு கேட்டுத் துண்டால் முகம் துடைத்தார்,
தண்ணீர் குடித்தார்,
கேமராவை நேராக ஒரு தடவை பார்த்தார்.
நான் போனைக் கவிழ்த்தேன்.
திருப்பும்போது முடிந்திருந்தது.
கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்,
அடுத்த ஆட்டக்காரன் ஷூ கட்டிக்கொண்டிருந்தான்,
என் கணக்கில் நானூற்று எண்பது
பச்சை எழுத்தில் ஏறியிருந்தது.
சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.
இருபது விரிப்பு மடிக்கும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

காலையில் வாசலில் பனியை உதைத்து உதறிக்கொண்டு
இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே வந்தோம்.
அறிவிப்புத் தாளைக் கிழித்திருந்தார்கள்.
லிஃப்ட் ஓடுகிறது.
கண்ணாடியில் அவர், நான், அவருடைய மட்டைப் பை.
"ராத்திரி எப்படி?" என்றார்.
"விரிப்புகள்," என்றேன். "உங்களுக்கு?"
"பையன் கெட்டிக்காரன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்."

மூன்றில் இறங்கினேன்.
கதவு மூடியது. கம்பிவடம் முனகியது.
வெகுநேரம் காதைத் தீட்டி நின்றேன்.
மேலே ஒரு சாவி திரும்பியது, அவ்வளவுதான்.

இன்று இரவும் அவருக்கு ஆட்டம் உண்டு.
இப்போது இரண்டு பேருக்கும் ஒரே விலை.
கால் எப்படி இருக்கிறதென்று
மணிலாக்காரனுக்குத் தெரிந்ததுதான் எனக்கும்.